சிப் ஆலைப் பந்தயத்தில் மிஞ்சிய மூவர்

சிப் தயாரிப்பில் முந்துவது என்றால், அதே அளவு சிலிக்கான் தகட்டில் போட்டியாளரைவிட அதிக டிரான்சிஸ்டர்களைப் பதிப்பது. அதற்கான ஆலையின் விலை ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்ற கணக்கு, முதலீட்டாளர் ஆர்தர் ராக்கின் பெயரால் வழங்குகிறது. இத்தொழிலில் பலரை வெளியேற்றியது இந்தக் கணக்குதான்.

1987-இல் மாரிஸ் சாங் தைவானின் சின்ச்சுவில் தொடங்கிய டிஎஸ்எம்சி, சொந்தச் சிப் எதையும் விற்காமல் பிறருக்கு உற்பத்தி செய்து கொடுத்தது. ஆலைச் செலவு பல வாடிக்கையாளர்மேல் பரவியது. தனி ஆலை வைத்திருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஏஎம்டி 2009-இல் தன் ஆலைகளைப் பிரித்துவிட, அபுதாபி பணத்தில் குளோபல்பவுண்டரீஸ் பிறந்தது. ஐபிஎம் தன் சிப் தொழிலை அந்த நிறுவனத்திடம் தள்ளிவிட 2014-இல் 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பணம் கொடுத்தது விற்றவர்! வாங்கியவரும் 2018-இல் 7 நானோமீட்டர் முயற்சியைக் கைவிட்டார். (சிப்புக்குச் சொல்லப்படும் இந்த நானோமீட்டர் எண்கள் இப்போது அளவைக் குறிப்பதில்லை, தலைமுறையின் பெயர் மட்டுமே.)

இதற்குப் பிறகு முன்வரிசையில் நின்றவை இன்டெல், சாம்சங், டிஎஸ்எம்சி. அவற்றின் பந்தயத்தைத் தீர்மானித்தது ஓர் ஒளி. சிப்பின் சுற்றுகள் ஒளியால் அச்சிடப்படுகின்றன; அலைநீளம் குறைந்தால் கோடுகள் நுண்மையாகும். பழைய இயந்திரங்கள் 193 நானோமீட்டர் அலைநீள ஒளியால் அச்சிட்டன. இயூவி எனப்படும் அதிதீவிரப் புற ஊதா ஒளிக்கு அலைநீளம் 13.5 மட்டுமே. உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 வீதம் லேசரால் தாக்கி அது உண்டாக்கப்படுகிறது. காற்றும் கண்ணாடி வில்லைகளும் அதை விழுங்கிவிடுவதால், வெற்றிடத்தில் ஆடிகளைக் கொண்டே திருப்ப வேண்டும். இந்த இயந்திரத்தைச் செய்வது உலகிலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும்; ஒன்றின் விலை 15 கோடி டாலருக்கும் மேல்.

அதன் ஆராய்ச்சிக்காக 2012-இல் மூவரும் ஏஎஸ்எம்எல்லில் பணம் போட்டனர்; அதிகம் போட்டது இன்டெல். ஆனால் இன்டெல் தன் 10 நானோமீட்டர் சிப்பைப் பழைய ஒளியிலேயே, ஒரே அடுக்கைப் பலமுறை அச்சிட்டுச் செய்யப் பார்த்தது. 2016-இல் வரவேண்டியது, கணிசமான அளவில் 2019-இல்தான் வந்தது. அந்த ஆண்டுக்குள் சாம்சங்கும் டிஎஸ்எம்சியும் இயூவி உற்பத்தியில் இறங்கிவிட்டன. இன்டெலின் முதல் இயூவி சிப்பான மீட்டியோர் லேக் 2023 டிசம்பரில் வெளிவந்தது. அதிலும் கிராபிக்ஸ் பகுதி டிஎஸ்எம்சி செய்தது. அடுத்த ஆண்டின் லூனார் லேக்கில் முதன்மைக் கணிப்புப் பகுதியே தைவானில் செய்யப்பட்டது.