மாரியப்பன் தங்கவேலு: உயரம் தாண்டுதலின் இயக்கவியல்

தருமபுரியை ஒட்டிய சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியில் 1995-இல் பிறந்த பாரா தடகள வீரர் மாரியப்பன். ஐந்து வயதில் பேருந்து ஒன்று ஏறியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

உயரம் தாண்டுதலில் வெற்றி பெரும்பாலும் தரையிலேயே தீர்மானமாகிவிடும். உடலின் ஈர்ப்பு மையத்தை ஒரு மீட்டர் மேலே தூக்க, நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர் செங்குத்து வேகம் வேண்டும். கால் தரையில் ஊன்றியிருக்கும் நொடியின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், ஓட்டத்தின் கிடைவேகம் மேல்நோக்கித் திரும்பியாக வேண்டும். டிக் ஃபாஸ்பரி 1968-இல் மெக்சிகோவில் காட்டிய முதுகுவழித் தாண்டலில் உடல் வில்லாக வளைவதால், ஈர்ப்பு மையம் குறுக்குக் கம்பிக்குக் கீழேகூடக் கடக்கலாம். ஆனால் எந்த வளைவும் உந்துதலின் குறையை ஈடுகட்டாது.

மாரியப்பனை உந்துவது இடது கால். அதற்கு முந்தைய அடி பாதிக்கப்பட்ட வலது காலில் விழுகிறது. உடல் சற்றுத் தாழ்ந்து உந்துதலுக்குத் தயாராவது அந்த அடியில்தான். பார்வையாளர் கண்ணில் படாத கடினம் இது.

டோக்கியோ பாராலிம்பிக்கில் (2021) மழை பெய்தது. வலது காலின் காலுறை நனைந்து தாண்டச் சிரமமானதாகப் பின்னர் அவர் கூறினார். 1.86 மீட்டருடன் வெள்ளி; அமெரிக்காவின் சாம் க்ரூ 1.88 தாண்டித் தங்கம் பெற்றார். இரண்டு சென்டிமீட்டர்தான்!

2024 பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்று, தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்குகளில் பதக்கம் வென்ற முதல் இந்தியரானார்.