பதினாலாம் வாரத் தடுப்பூசியும் இரண்டு பரிசோதனைகளும்

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி. குறைமாதத்தில் பிறந்தது, பிறந்தவுடன் அழாதது, வலிப்பு கண்டது என எந்தக் குழந்தையானாலும் அன்று தேவிபட்டினம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தாக வேண்டும். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மூளை முடக்குவாதம் வரக்கூடுமா என்று முன்கூட்டியே அறிய இரண்டு முறைகள் உண்டு. ஒன்று ஹைன்ஸ் பிரெக்டல் வகுத்த பொது அசைவு மதிப்பீடு. மற்றது லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் உருவான நரம்பியல் பரிசோதனை.

பிரெக்டல் முறையில் குழந்தையைத் தொடுவதே இல்லை. விழித்திருக்கும்போது மல்லாக்கப் படுக்கவைத்துச் சில நிமிடம் வீடியோ எடுத்தால் போதும். ஏறத்தாழ 9 முதல் 20 வாரம் வரை கழுத்து, உடல், கைகால் எங்கும் சிறுசிறு துறுதுறு அசைவுகள் ஓடும். அவை இல்லையென்றால் எச்சரிக்கை. 1997இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், 130 குழந்தைகளிடம் இந்தக் கணிப்பு 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் பலித்தது. பார்த்துச் சொல்லும் பயிற்சி பெற்ற கண் மதுரையில் இருக்கலாம், செல்போன் தேவிபட்டினத்தில் இருந்தால் போதும். ஆனால் தூளியில் கிடக்கும்போது எடுத்த படம் உதவாது. ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், பிறகு அழுகைதான் பதிவாகும்.

ஹேமர்ஸ்மித்துக்குக் கை வேண்டும். தசை இறுக்கம், அனிச்சை, பார்வை என 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண். ஒன்பது மாதத்துக்குமேல் 73க்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும், 40க்கும் கீழே போனால் பாதிப்பு கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். இடவல வேறுபாட்டையும் குறித்துக்கொள்வார்கள். இதை வாட்ஸப்பில் அனுப்ப வழியில்லை. ஆனாலும் 2 மாதம் முதல் 24 மாதம் வரை எப்போதும் செய்யலாம்.

நிறைமாதக் குழந்தைக்குச் சிக்கலில்லை. பதினாலாம் வார ஊசியன்று வீடியோ, ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியன்று ஹேமர்ஸ்மித் என்று வைத்துக்கொள்ளலாம். 32 வாரத்திலேயே பிறந்த குழந்தைக்குத்தான் கணக்கு இடிக்கிறது. ஊசிக்குப் பிறந்த தேதியே கணக்கு. அசைவுக்கோ, பிறந்திருக்க வேண்டிய தேதி. பதினாலாம் வாரத்தில் அதற்கு உண்மையில் ஆறு வாரம்தான், துறுதுறுப்பு பெரும்பாலும் தொடங்கியிருக்காது. தொடங்கிய பிறகோ ஒன்பதாம் மாதம் வரை அட்டவணையில் ஊசியே இல்லை. அதற்குள் தாய்வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா கிளம்பியிருப்பாள். ஆபத்து அதிகமுள்ள குழந்தையே இப்படி நழுவிப்போவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஆகவே குறைமாதக் குழந்தையின் அட்டையில், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 12 வாரம் எண்ணி, கிராம சுகாதார செவிலியர் தனியாக ஒரு தேதி எழுதட்டும், புகுந்த வீட்டுத் தொலைபேசி எண்ணோடு. அதுவும் தவறினால் ஒன்பதாம் மாதத்துக்குக் காத்திருக்காமல், ஹேமர்ஸ்மித் தெரிந்த கை எங்கே இருக்கிறதோ அங்கே அனுப்ப வேண்டியதுதான்.