5 பைசா சிவப்பு ஸ்டாம்ப்: ஒரு சின்ன த்ரெட்

ஓசூர்ல ஒரு பழைய பேப்பர் கடையில் ஒரு டப்பா ஸ்டாம்ப் வாங்கினேன். அதுல ஒண்ணு மட்டும் குழப்புச்சு. 5 பைசா, சிவப்பு, நம்ம குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்ப்தான். ஆனா அதுமேல கறுப்பு மையில் 'ரெஃப்யூஜி ரிலீஃப்'னு ஆங்கிலத்தில் அடிச்சிருக்கு. குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் அகதிகளுக்கும் என்னங்க சம்பந்தம்?

ஒண்ணுமே இல்லை. அவசரம்தான் காரணம்.

1971ல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து சுமார் 1 கோடி பேர் இந்தியாவுக்குள் வந்தாங்க. அந்தச் செலவுக்காக நவம்பர் 15 முதல் தபாலுக்கு 5 பைசா கூடுதல் வரி. இதுக்கான தனி ஸ்டாம்ப் டிசம்பர் 1ல்தான் வந்தது. அதுவரைக்கும் கையிருப்பில் இருந்த 5 பைசா ஸ்டாம்ப் மேலயே அச்சடிச்சாங்க. பெங்களூர் மாதிரி சில ஊர்களில் உள்ளூரிலேயே அடிச்சதால, எழுத்து ஊருக்கு ஊர் மாறும். (என்னோடது பெங்களூர் அச்சா இருக்கணும்னு ஒரு ஆசை!)

அந்த முகாம்களில் காலரா பரவுச்சு. வங்க எல்லையில் பன்காவ்ல டாக்டர் திலீப் மஹலனாபிஸ்கிட்ட சலைன் தீர்ந்துட்டே வந்தது. 1 லிட்டர் தண்ணிக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கலக்கி, கூட இருந்த சொந்தக்காரங்க கையாலயே குடிக்க வச்சார். 20-30 சதவீதமா இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழ வந்தது.

வயித்தாலப் போகுற குழந்தைக்கு இன்னைக்கு ஓ.பி.யில் நான் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான். சோடா உப்புக்குப் பதில் சிட்ரேட், கூடவே பொட்டாசியம்; குளுக்கோஸ், உப்பு அளவும் குறைஞ்சிருக்கு.

அந்த வரி 1973 மார்ச் வரை இருந்தது. வீட்டில் அந்தக் காலத்துக் கடிதம் இருந்தா பாருங்க. ஸ்டாம்பைத் தண்ணியில் ஊறவச்சு உரிச்சுடாதீங்க. எந்த ஊர்னு உறைமேல இருக்கிற முத்திரைதான் சொல்லும்.