மாயாஜாலப் படங்களும் மலையகத்துப் பார்வையாளரும்

1978இல் பி. விட்டலாச்சார்யா தெலுங்கில் எடுத்த 'ஜகன்மோகினி' தமிழில் மொழிமாற்றம் பெற்று வந்தபோது, கற்றோர் பலர் அதனை நகைத்து ஒதுக்கினர். பேய்மகள் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரிக்கும் படத்தை ஆய்வுப் பொருளாகக் கொள்வார் யார்? ஆயினும் மக்கள் மனத்தில் நிலைத்தது அக்காட்சியே. 2009இல் அதே பெயருடன் தமிழில் எடுக்கப்பட்ட படம், கணினி நுட்பம் கைக்கெட்டிய காலத்தில் வந்தும், பழையதன் இடத்தைப் பெறவில்லை.

மலையகத் தோட்டங்களில் இத்தகைய படங்கள் விரும்பிப் பார்க்கப்பட்டதைப் பாமரரின் மூடநம்பிக்கை எனக் கூறிவிடுவது எளிது; அது சோம்பேறித்தனமான விளக்கமுமாகும். ஹல்துமுல்லை, அப்புத்தளைச் சரிவுகளிலுள்ள லயன் அறைகளுக்குத் தமிழகத்திலிருந்து வந்தோர் வெறுங்கையுடன் வரவில்லை. அவர்களோடு காமன்கூத்தும் வந்தது. மாசியில் தப்பொலிக்கு ஆடுவோர் யாவரும் அறிந்த முகத்தினர். நேற்றுக் கொழுந்துக் கூடையை நிறுத்தவரே இன்று எமனாவார். வேடம் வேடமென்று தெரியும். மதன் எரியும் இரவிலோ கண்ணீர் பெருகும். மூன்றாம் நாள் அவன் உயிர்த்தெழுவான் என்பதும் அனைவரும் அறிந்ததே. இவ்வாறு பழகிய கண்ணுக்குப் படத்திலுள்ள தந்திரம் வெளிப்படத் தெரிவது குறையன்று. தெரிந்தே அஞ்சுவதும், அஞ்சிக்கொண்டே சிரிப்பதும் ஒரு பயிற்சி. உலகத் திரைப்பட வரலாற்றிலும் இத்துறையின் முன்னோடி ஒரு மேடை மந்திரவாதிதான்: 1896இல் பிரான்சில் பேய்க்கோட்டைப் படம் எடுத்த ஜோர்ஜ் மெலியே. படப்பிடிப்பை இடைநிறுத்தி ஆளை மறைக்கும் அவருடைய உத்தியே விட்டலாச்சார்யாவின் பேய்களுக்கும் கைகொடுத்தது.

தோட்ட மக்களின் மெய்யான அச்சம் வேறிடத்தில் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் சுழலும் சக்கரத்துக்கு அவர்கள் ரோதை முனி என்றொரு தெய்வத்தை அமைத்தனர். ('ரோதை' போர்த்துக்கேயர் தந்த சொல் என்பது சுவையான செய்தி.) கையைக் கவ்வக்கூடிய இயந்திரத்தின் முன் வழிபாடு நிகழ்ந்ததேயன்றி நகைப்பு எழவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள மீரியாபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. புதைந்தோர் பலரின் உடல்கள்கூட மீட்கப்படவில்லை. எரிந்த கால் அடுத்த காட்சியில் முழுதாய்த் திரும்பும் படத்தை இம்மக்கள் உண்மையென நம்பிப் பார்த்தனர் என்பார், அவர்கள் எவற்றினிடையே வாழ்ந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தவரல்லர்.