எச்சம் என்னும் சொல்

பெங்களூரு மைசூர் சாலையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஆர்.வி. பொறியியல் கல்லூரியும் அக்கம்பக்கம். அந்த அண்மை, பொறியியல் மாணவரைப் புள்ளியியலால் கணிக்கும் ஒரு முறையை நினைவூட்டுகிறது. கர்நாடகத்தில் பொறியியல் தரவரிசைக்கு பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) மதிப்பெண் பாதி, சி.இ.டி. (பொது நுழைவுத் தேர்வு) மதிப்பெண் பாதி. இவ்விரண்டையும் கொண்டு மாணவரின் முதல் பருவத் தரப்புள்ளியைக் கணிக்க முனைந்து, எதற்கு எவ்வளவு எடை என்பதை முன்னே படித்தவர்களின் தரவே சொல்லட்டும் என்று விட்டால், அது பன்மாறித் தொடர்புப் போக்கு.

தொடர்புப் போக்கு என்பது தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு. ஈழத்தார் பிற்செலவு என்பர். இங்கே செலவு என்பது பணமன்று. பாலைத்திணைத் தலைவன் பொருள் தேடிப் புறப்படும் அதே செலவு. 1886-இல் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 928 பிள்ளைகளின் உயரத்தைப் பெற்றோர் உயரத்தோடு ஒப்பிட்டு, நெட்டையரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிச் சற்றே திரும்பக் கண்டு இட்ட ரிக்ரெஷன் (பின்னோக்கிச் செல்லுதல்) என்ற பெயரின் பொருளை, அந்த ஈழச்சொல் அப்படியே தாங்கி நிற்கிறது.

ஆனால் என் நெஞ்சைக் கவர்ந்த சொல் வேறு. மாணவர் பெற்ற தரப்புள்ளியிலிருந்து கணித்ததைக் கழித்தால் நிற்பது எச்சம். அஞ்சு அச்சமாக, மிஞ்சு மிச்சமாக, எஞ்சு எச்சமாயிற்று. வினையின் மெல்லோசை இறுகிப் பெயராகிவிட்டது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கு எச்சவியல் என்று பெயரிட்டார். பெயரெச்சமும் வினையெச்சமும் முடிக்கும் சொல்லுக்காகக் காத்திருப்பவை. பறவை விட்டுச்செல்வதும் எச்சமே. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில், ஒருவரின் தகுதியைக் காட்டுவதாக வரும் எச்சத்துக்குப் பரிமேலழகர் மக்கள் என்றே பொருள் கண்டார். கால்டன் அளந்ததும் மக்களைத்தானே!

கணிப்பின் தகுதியையும் எச்சமே காட்டும். தரப்புள்ளி வேறுபாட்டில் எவ்வளவு பங்கைக் கணிப்பு விளக்குகிறது என்று சொல்வதும் பலரும் முதலில் நாடுவதுமான ஆர்-வர்க்கம், மாணவரின் செருப்பளவை ஒரு மாறியாகச் சேர்த்தாலும் குறையாது. தவிர, உயர்ந்த மதிப்பெண்காரர்களை மட்டுமே சேர்க்கும் கல்லூரியில் மதிப்பெண் வேறுபாடே சுருங்கிவிடுவதால் ஆர்-வர்க்கமும் சிறுக்கும்; அதனால் பி.யூ.சி. மதிப்பெண் பயனற்றதென்று ஆகாது. எச்சங்களைக் கூட்டிப் பார்த்தும் பயனில்லை. எச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டிய தொகையை மிகச் சிறிதாக்கும், மாறிலியோடு கூடிய மீச்சிறு வர்க்க முறையில் அந்தக் கூட்டுத்தொகை எப்போதும் சுழியமே. கணித்த தரப்புள்ளிக்கு எதிரே அவற்றைப் புள்ளிகளாகத் தாளில் இட்டுப் பார்க்கவேண்டும். ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தால் நல்லது. வளைந்தால், கோடு பொருந்தாத இடத்தில் கோடு இழுத்திருக்கிறோம். புனல்போல விரிந்தால், சிலருக்குக் கணிப்பு நெருங்கியும் சிலருக்கு மிக விலகியும் போகிறது. கன்னட வழியில் பயின்று வந்தவர்களின் புள்ளிகள் மட்டும் பெரும்பாலும் சுழியக் கோட்டுக்கு மேலே நின்றால், அவர்களின் ஆற்றலைக் கணிப்பு குறைத்து மதிப்பிடுகிறது. எடைகளைக் கண்டறியப் பயன்படாத வேறோர் ஆண்டு மாணவர்களிடமும் இதே சோதனையைச் செய்தாகவேண்டும். பழகிய தரவில் எச்சம் சிறுத்துத் தோன்றுவது இயல்பு.

சொல்லன்பர்களே, மாணவரின் வருங்காலத்தை எண்ணால் உரைக்கும் அறிக்கை எது கைக்கு வந்தாலும், முதலில் எச்சங்களின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.