பிற்பகலின் விலை: இந்தியாவில் கைநூற்பும் நூற்ற பெண்களின் கூலியும்

1811-12ஆம் ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பாட்னா, கயா பகுதிகளை ஆய்வு செய்த பிரான்சிஸ் புக்கானன், அங்கே நூல் நூற்று வந்த பெண்களின் எண்ணிக்கையை 3,30,426 என மதிப்பிட்டார். அவர்கள் ஓராண்டில் நூற்ற நூலின் மதிப்பு 23,67,277 ரூபாய். பஞ்சின் விலையைக் கழித்தால் அவர்களுக்கு எஞ்சியது 10,81,005 ரூபாய். ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு மூன்றேகால் ரூபாய், அதாவது வாரத்திற்கு ஏறத்தாழ ஓர் அணா. ரொமேஷ் சந்திர தத் 1902இல் வெளியிட்ட இந்தியப் பொருளாதார வரலாற்று நூலில் இந்தப் புள்ளிவிவரங்களை எடுத்தாண்ட பின்னர், இவை இந்தியக் கைத்தொழில்களின் வீழ்ச்சி குறித்த விவாதங்களில் தவறாமல் இடம்பெறத் தொடங்கின.

இந்த எண்களோடு புக்கானன் ஒரு குறிப்பையும் சேர்த்திருக்கிறார். இப்பெண்களில் மிகப் பெரும்பாலோர் பிற்பகலில் சில மணி நேரம் மட்டுமே நூற்பவர்கள் என்பதே அது. பார்வைக்கு இது வெறும் தகவல். ஆனால் அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் கைநூற்பைப் பற்றி எழுந்த முக்கியமான கேள்விகள் பலவும் இந்தப் 'பிற்பகல் சில மணி நேரம்' என்னும் சொற்களைச் சுற்றியே அமைந்தன. அந்த நேரம் உழைப்பு நேரமா, ஓய்வு நேரமா? உழைப்பு எனில் அதன் விலை என்ன?

பழைய சான்றுகளில் நூற்பு பெண்களுக்குரிய பணியாகவும், குறிப்பாக வேறு ஆதரவற்ற பெண்களின் பணியாகவும் காணப்படுகிறது. அர்த்தசாஸ்திரத்தின் நூல் அதிகாரி பற்றிய அத்தியாயம் கைம்பெண்கள், உடற்குறையுள்ள பெண்கள், முதிய கணிகையர் முதலியோரைக் கொண்டு நூற்கச் செய்ய வேண்டும் என்கிறது. நூலின் நுண்மையையும் அளவையும் பார்த்துக் கூலி வரையறுக்கப்பட வேண்டும் என்றும், வீட்டை விட்டு வெளியே வராத பெண்களுக்குப் பணிப்பெண்கள் மூலம் வேலை அனுப்பலாம் என்றும் அது கூறுகிறது. நூலைக் கொண்டுவரும் பெண்ணின் முகத்தை உற்று நோக்கும் அதிகாரிக்குத் தண்டமும் உண்டு. இராட்டைச் சக்கரம் அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் வந்தது. இந்தியாவில் அதற்குக் கிடைக்கும் தொடக்ககாலத் தெளிவான குறிப்புகளுள் ஒன்று, 1350ஆம் ஆண்டளவில் இசாமி எழுதிய பாரசீக வரலாற்றுக் காவியத்தில் உள்ளது என்பதை இர்ஃபான் ஹபீப் சுட்டிக்காட்டினார். அந்தக் குறிப்பு வரும் இடமும் கவனத்திற்குரியது. அரசி ரஸியாவின் ஆட்சியைக் கண்டிக்கும் இசாமி, பெண்ணுக்குரிய இடம் இராட்டையின் முன்தான் என்கிறார். கருவி சான்றுகளில் நுழையும்போதே பெண்ணின் எல்லையாகவும் நுழைகிறது.

இந்த உழைப்பின் அளவை உணர ஓர் எளிய கணக்குப் போதும். ஓர் அங்குலத்திற்குப் பாவில் 40 இழை, ஊடையில் 40 இழை எனக் கொள்வோம். ஒரு சதுர கெஜத் துணிக்குப் பாவில் 1,440 கெஜமும் ஊடையில் 1,440 கெஜமும் ஆக 2,880 கெஜம் நூல் வேண்டும். ஐந்து கெஜ நீளமும் 45 அங்குல அகலமும் கொண்ட வேட்டிக்குச் சேதாரம் நீங்கலாகவே 18,000 கெஜம். ஒரு சிட்டம் 840 கெஜம். ஒரு பவுண்டு எடைக்கு 20 சிட்டம் வந்தால் அது 20ஆம் நம்பர் நூல். எனவே 20ஆம் நம்பர் நூலில் இந்த வேட்டியின் எடை ஒரு பவுண்டைச் சற்றே தாண்டும். ஓரளவு பழகிய கை இராட்டையில் மணிக்கு 300 முதல் 400 கெஜம் நூற்கும். 400 என்றே கொண்டாலும் ஒரு வேட்டிக்கு 45 மணி நேரம் ஆகும். பருத்தியில் கொட்டை நீக்குவதும், பஞ்சு அடிப்பதும், பட்டை போடுவதும் இதில் அடங்கவில்லை. நெசவாளர் ஒருவரின் தறி ஓயாமல் ஓடப் பல வீடுகளின் இராட்டைகள் சுழல வேண்டியிருந்தது. இன்ன துணி நெய்ய வேண்டும் என்று திட்டமிட்ட நெசவாளர், எந்த வீட்டில் எந்த நம்பர் நூல் கிடைக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

எந்திரம் முதலில் உடைத்ததும் இந்த இடத்தைத்தான். நூறு பவுண்டு பஞ்சை நூலாக்க இந்தியக் கைநூற்புக்கு 50,000 மணி நேரத்திற்கு மேல் தேவைப்பட்டது. கிராம்ப்டனின் 'மியூல்' எந்திரத்திற்கு 1780ஆம் ஆண்டளவில் 2,000 மணி நேரமும், ராபர்ட்ஸின் தானியங்கி மியூலுக்கு 1825ஆம் ஆண்டளவில் 135 மணி நேரமும் போதுமாயின. நூற்பு வரலாற்றாளர் ஹெரால்ட் கேட்லிங்கின் இந்தக் கணக்கீடு பலராலும் மேற்கோள் காட்டப்படுகிறது. எந்தக் கூலிக் குறைப்பாலும் ஈடுகட்ட முடியாத இடைவெளி இது.

அந்த இடைவெளி ஒரு வீட்டுக்குள் எவ்வாறு உணரப்பட்டது என்பதற்கு 1828இல் ஸ்ரீராம்பூரிலிருந்து வெளிவந்த 'சமாசார் தர்ப்பண்' என்னும் வங்க இதழில் வெளியான கடிதம் சான்று. சாந்திபூரைச் சேர்ந்த நூற்பவர் ஒருவரின் பெயரால் அது அச்சாயிற்று. இருபத்திரண்டு வயதில் மூன்று பெண் குழந்தைகளோடு கைம்பெண்ணான அவர், காலையில் வீட்டு வேலை முடிந்ததும் இராட்டையிலும் பின்னர் தக்ளியிலும் நூற்றார். நெசவாளர்கள் வீடு தேடி வந்து நூலை வாங்கினர், முன்பணமும் தந்தனர். அந்த வருமானத்தில் மாமனார் மாமியாரைக் காத்தார். மகள்களுக்கு மணம் முடித்தார். மாமனார் இறந்தபோது சிராத்தத்திற்கு 44 ரூபாய் செலவிட்டார். இப்போது மூன்றாண்டுகளாக அவரும் மாமியாரும் உணவின்றி வாடுகின்றனர். நெசவாளர்கள் வருவதில்லை. சந்தைக்கு அனுப்பினாலும் பழைய விலையில் கால் பங்கும் கிடைப்பதில்லை. விசாரித்தபோது சீமை நூல் வந்திறங்கியிருப்பது தெரிந்தது. சீமையில் எல்லோரும் செல்வர்கள் என்று எண்ணியிருந்ததாகவும், இவ்வளவு குறைந்த விலைக்கு நூலை அனுப்புகிறார்கள் என்றால் தன்னைவிட ஏழையான பெண்கள் அங்கே இருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டதாகவும் அவர் எழுதுகிறார். எந்திரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஆனால் விலைக்குப் பின்னால் ஓர் உழைக்கும் பெண்ணை அவரால் காண முடிந்தது.

புக்கானனின் குறிப்பையும் இக்கடிதத்தையும் ஒருசேர வாசித்தால் ஒரு முரண் புலப்படும். அங்கே 'சில மணி நேரம்' என்று பதிவானது இங்கே குடும்பத்தின் முழு வாழ்வாதாரமாக இருந்தது. இவ்விரு நிலைகளும் ஒரே காலத்தில் உண்மையாக இருந்திருக்க முடியும். ஆனால் சராசரி ஒன்றைத்தான் காட்டும்.

தொழிற்சிதைவு பற்றிய ஆய்வு விவாதத்தின் நடுவிலும் இதே சிக்கல் உள்ளது. அமிய குமார் பாக்சி 1976இல் வெளியிட்ட கட்டுரையில், கங்கைச் சமவெளிப் பீகாரில் தொழிலைச் சார்ந்திருந்த மக்களின் பங்கு புக்கானன் காலத்திலிருந்து 1901க்குள் 18.6 விழுக்காட்டிலிருந்து 8.5 விழுக்காடாகச் சரிந்ததாகக் காட்டினார். 1979இல் மரிகா விக்சியானி அதன் முறையியலைக் கேள்விக்குள்ளாக்கினார். புக்கானனின் மதிப்பீடுகளைப் பிற்காலக் குடிமதிப்போடு நேரடியாக ஒப்பிட முடியுமா என்பது அவர் எழுப்பிய ஐயம். ஒரு நூற்பவரின் வருமானத்தில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்று கொள்கிறோமோ, அதற்கேற்ப முடிவும் மாறுகிறது. பின்னர் தீர்த்தங்கர் ராய் போன்றோர், மலிவான ஆலை நூல் கைத்தறி நெசவு நீடிக்க உதவியது என்பதை வலியுறுத்தினர். அது சரியான கருத்தே. ஆனால் அதன் மறுபக்கமாக, நெசவாளர் பிழைத்த அதே வழியில்தான் நூற்ற பெண் வேலையிழந்தார். 'கைத்தறி பிழைத்தது' என்னும் வாக்கியத்தில் அவருக்கு இடமில்லை.

இராட்டை மீண்டும் பொதுவாழ்வுக்கு வந்தது காந்தியின் வழியாக. 1909இல் 'இந்து சுயராஜ்யம்' எழுதியபோது தாம் இராட்டையைக் கண்ணால் கண்டதாகக்கூட நினைவில்லை என்று அவரே தம் வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். 1917இல் பரூச்சில் நடந்த கல்வி மாநாட்டில் சந்தித்த கங்காபென் மஜ்மூதாரிடம் இராட்டையைத் தேடும் பொறுப்பை ஒப்படைத்தார். நெடுந்தேடலுக்குப் பின் கங்காபென் அதைப் பரோடா சமஸ்தானத்து விஜாபூரில் கண்டார். பல வீடுகளில் இராட்டைகள் பயனற்ற பொருளாகப் பரணில் கிடந்தன. தடையின்றிப் பட்டை கொடுத்து, நூற்ற நூலை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் மீண்டும் நூற்கத் தயார் என்றனர் அவ்வூர்ப் பெண்கள். கலை மறந்துபோகவில்லை, சந்தைதான் மறைந்திருந்தது என்பதை அவர்கள் விதித்த இரு நிபந்தனைகளும் உணர்த்துகின்றன.

தொடக்கத்தில் காந்தி முன்வைத்த வாதம் புக்கானனின் குறிப்பையே தலைகீழாகத் திருப்பியது. உழவர் குடும்பங்கள் ஆண்டில் பல மாதங்கள் வேலையின்றி இருக்கின்றன. அந்த வீண் பொழுதைச் சிறிதேனும் வருமானமாக மாற்றக் கூடியது இராட்டை என்றார் அவர். 1924 டிசம்பரில் பெல்காமில் கூடிய காங்கிரஸ், மாதம் 2,000 கெஜம் நூலை உறுப்பினர் சந்தாவாக ஏற்றது. ஆண்டுக்கு 24,000 கெஜம். மேலே கண்ட கணக்கின்படி அது ஒன்றேகால் வேட்டிக்குச் சற்று மேல். உறுப்பினர் பலரால் அதையும் நூற்க இயலவில்லை. 1925 செப்டம்பரில் பாட்னாவில் அந்த விதி தளர்த்தப்பட்டு, கதர்ப் பணிக்கென அகில பாரத சர்க்கா சங்கம் நிறுவப்பட்டது.

வீண் பொழுது என்னும் வாதத்திற்கு ஒரு விலை இருந்தது. வீணாகும் நேரத்திற்கு எது கிடைத்தாலும் ஆதாயமே என்றால், கூலி குறைவாக இருப்பது குறையாகத் தோன்றாது. நாள் முழுதும் நூற்றாலும் ஓரிரு அணாவே கிடைத்தது. கதர் விலை ஆலைத் துணியைவிட அதிகமாக இருந்ததால், விலையைக் கட்டுப்படுத்தும் அழுத்தம் இறுதியில் நூற்பவர் மீதே விழுந்தது.

1935இல் காந்தி இந்த நிலையை மாற்ற முனைந்தார். எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டணா என்னும் இலக்கை அவர் விவாதத்திற்கு வைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய சர்க்கா சங்கம், திறமையாக எட்டு மணி நேரம் நூற்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 20 கெஜம் துணியும், அறிவியல் முறையில் வகுத்த குறைந்தபட்ச உணவும் பெறும் அளவுக்கேனும் கூலி கிடைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. நடைமுறையில் அது மூன்றணா அளவில் தொடங்கியது. நூற்புக் கூலியில் ஒருவர் வாழ முடியுமா என்பதை அறிய, வார்தாவை அடுத்த நால்வாடியில் வினோபா பாவே நாள்தோறும் பல மணி நேரம் நூற்று, அந்த வருமானத்திற்குள் வாழ்ந்து பார்த்தார்.

முன்கண்ட வேட்டியை வைத்தே இந்த மாற்றத்தை அளக்கலாம். 45 மணி நேரம் என்பது ஐந்தரை நாளுக்குச் சற்று மேல். நாளுக்கு ஓர் அணா எனில் நூற்புக் கூலி ஆறணாவுக்கும் குறைவு. மூன்றணா எனில் சுமார் 17 அணா. ஒரே வேட்டியில் பதினோரு அணா கூடுகிறது. விற்பனை குறையும் என்று கதர்ப் பணியாளர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. எனினும் நூற்பவரின் ஒரு மணி நேரத்தை, வேறு எவருடைய ஒரு மணி நேரத்தையும் போல, உணவையும் உடையையும் கொண்டு அளக்க வேண்டும் என்று ஒரு தேசிய அமைப்பு ஒப்புக்கொண்டது. 'பிற்பகல் சில மணி நேரம்' அன்று உழைப்பு என்னும் பெயரைப் பெற்றது.

கூலியை உயர்த்த இன்னொரு வழி கருவியை மேம்படுத்துவது. மேம்பட்ட இராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு தருவதாகச் சர்க்கா சங்கம் 1929இலேயே அறிவித்திருந்தது. நிபந்தனைகளை நிறைவேற்றி அதை வென்றவர் எவரும் இல்லை. விடுதலைக்குப் பின், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய பல கதிர் இராட்டை அவர் பெயராலேயே 'அம்பர் சர்க்கா' என அழைக்கப்பட்டது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அது நாடெங்கும் பரப்பப்பட்டது. ஒரு கையால் நூற்கக் கூடிய அளவு பெருகியது. ஆனால் கூலி மணிக்கன்று, சிட்டத்திற்கே கணக்கிடப்பட்டது. இன்றும் கதர் நூற்பவர் பெறுவது சிட்டக் கூலியே. 2024 அக்டோபரில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அதைச் சிட்டத்திற்கு 10 ரூபாயிலிருந்து 12.50 ரூபாயாக உயர்த்தியது.

சிட்டக் கூலி நூலை அளக்கிறது, நேரத்தை அளப்பதில்லை. ஒரு சிட்டம் நூற்க எத்தனை மணி நேரம் ஆயிற்று, பஞ்சு தரமற்று இழை அறுந்தபோது வீணான பொழுது எவ்வளவு, கதிரைச் சீர்செய்ய யார் செலவிட்டது என்பன பேரேட்டில் ஏறுவதில்லை. 1935ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் தனித்தன்மை கூலியை உயர்த்தியதில் மட்டும் இல்லை. எட்டு மணி நேரம் என்பதை அளவுகோலாக வைத்ததில் உள்ளது. புக்கானனின் 3,30,426 என்னும் எண்ணை மீண்டும் எடுத்தாளும் ஆய்வாளர்கள், அதை எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாமல் எத்தனை மணி நேரம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. சாந்திபூரிலிருந்து எழுதியவர் தம் நாளைக் காலை, பிற்பகல் எனப் பிரித்து, எந்த வேலைக்குப் பின் எந்தக் கருவியில் நூற்றார் என்று 1828லேயே சொல்லிவிட்டார்.