சாங்கிச் சிறையின் ஒட்டுப்போர்வைகள்

சரித்திரம் எழுதுகிறவர்களுக்குக் கல்லின் மேலும் செப்பேட்டின் மேலும் இருக்கும் மோகம் கந்தல் துணியின் மேல் இருப்பதில்லை. அதில் நியாயமும் உண்டு. கல் ஆயிரம் ஆண்டு நிற்கிறது. துணி நைந்து போகிறது. மன்னர்கள் தங்கள் வெற்றிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். பெண்கள் தைத்த துணியோ குழந்தைக்கு விரிப்பாகி, பிறகு கரித்துணியாகி, அடுப்பங்கரையிலேயே தன் ஆயுளை முடித்துக்கொண்டது. ஆயினும், எப்படியோ தப்பிப் பிழைத்து, கண்ணாடிப் பேழைக்குள் போய் உட்கார்ந்துவிட்ட சில துணிகளும் உலகத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட நான்கு துணிகளைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான்கும் ஒரே சிறைச்சாலையில் பிறந்தவை.

பல துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வையை மேல்நாட்டார் 'க்வில்ட்' என்கிறார்கள். நாம் ஒட்டுப்போர்வை என்று சொல்லலாம். நம் வீட்டுப் பாட்டிமார் பழம்புடவைகளை அடுக்கி, நூலோட்டித் தைத்து, தொட்டில் குழந்தைக்கு மெத்தென்று விரிப்பார்களே, அதற்கு இது தூரத்து உறவு. குளிர் தேசங்களில் பெண்கள் கூடி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே இதைத் தைப்பார்கள். கற்றவள் பக்கத்தில் கல்லாதவள் உட்காருவாள். தைத்து முடித்ததை ஒருத்தி விரித்துக் காட்ட, மற்றவர்கள் தடவிப் பார்த்துப் பாராட்டுவார்கள். வீட்டுத் திண்ணைக்கு உரிய இந்தக் கலை ஒரு சமயம் சிறைக்குள் நுழைந்தது.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்த வெள்ளைக்கார ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கைதிகளானார்கள். மார்ச் மாதம் 8-ந் தேதி, பெண்களையும் குழந்தைகளையும் காத்தோங் பகுதியிலிருந்து சாங்கிச் சிறைக்கு வெயிலில் நடத்தியே கொண்டுபோனார்கள். முந்தின மாதம் வரையில் காரில் போய்க் கடையில் சாமான் வாங்கிய சீமாட்டிகள், கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு, குழந்தைகளை இழுத்துக்கொண்டு, சுமார் எட்டு மைல் நடந்தார்கள். 1936-இல் கட்டி முடித்த அந்தச் சிறை 600 கைதிகளுக்கு ஏற்பட்டது. அதில் 3,000 பேருக்கும் மேல் அடைத்தார்கள். ஆரம்பத்தில் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 400 பேர் இருந்தார்கள்.

ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே சுவர். ஒரே கட்டிடத்தில் கணவன் இந்தப் புறம், மனைவி அந்தப் புறம். பட்டாளத்தில் இருந்த கணவன்மாரோ வேறு இடத்தில், ராணுவக் கைதிகளின் முகாமில். இரு தரப்பும் கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது. அவன் உயிரோடிருக்கிறானா என்று இவளுக்குத் தெரியாது. இவள் கப்பலேறித் தப்பினாளா, கடலில் மூழ்கினாளா என்று அவனுக்குத் தெரியாது. பசியையும் மூட்டைப்பூச்சியையும்விடப் பெரிய வேதனை இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் கதை சில சிறுமிகளிடமிருந்து ஆரம்பமாகிறது. கைதிகளில் எலிசபெத் என்னிஸ் என்று ஒரு தாதிப் பெண். சிங்கப்பூர் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவளுக்கும் ஒரு ராணுவ டாக்டருக்கும் கல்யாணமாயிற்று. மாலை வாடுமுன் இருவரும் வெவ்வேறு முகாம்களில் கைதிகள். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. சிறையிலிருந்த எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான சுமார் இருபது சிறுமிகளைச் சேர்த்து ஒரு சாரணியர் படை அமைத்தாள். வாரம் ஒரு முறை சிறை முற்றத்தின் மூலையில் அவர்கள் கூடினார்கள்.

அந்தக் குழந்தைகளுக்குத் தங்கள் தலைவியின் பிறந்த நாளுக்கு ஏதாவது பரிசு கொடுக்க வேண்டும் என்று ஆசை. சிறையில் என்ன கிடைக்கும்? கந்தல்தான் கிடைக்கும். கிழிந்த கவுன்களிலிருந்து துண்டுகள் வெட்டினார்கள். பழந்துணியிலிருந்து இழை இழையாக நூலை உருவினார்கள். அறுகோணத் துண்டு ஒன்றை நடுவில் வைத்து, சுற்றிலும் ஆறு துண்டுகளை இதழ்போல் சேர்த்துப் பூவாகத் தைத்தார்கள். தேன்கூட்டில் அறையோடு அறை பொருந்துவதுபோல் இந்தத் துண்டுகளும் இடைவெளியின்றிப் பொருந்திக்கொள்ளும். இதற்குப் 'பாட்டியின் பூந்தோட்டம்' என்று பெயர். இதற்கு மேஜை வேண்டாம், சட்டம் வேண்டாம். உள்ளங்கை அளவுத் துணி; காவலாளி வந்தால் மறைத்துக்கொள்ளலாம். தையல் புதிதாகப் பழகும் குழந்தைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஒரு துண்டு கோணிப் போனால் அந்தத் துண்டோடு போயிற்று; போர்வை முழுவதும் கெடாது. ஒவ்வொரு சிறுமியும் தன் பெயரையும் தைத்து வைத்தாள்.

கனடாவிலிருந்து வந்த எத்தல் முல்வனி என்ற அம்மாளின் கண்ணில் இந்தப் பூந்தோட்டம் பட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் முகாமில் உழைத்துவந்தவர் அவர். குழந்தைகளின் விளையாட்டில் அவர் ஒரு தபால் இலாகாவையே கண்டுகொண்டார்! காகிதத்தில் எழுதினால்தானே கடிதம்? துணியில் தைத்தால் அது போர்வை அல்லவா?

அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு பெண்ணிடமும் ஆறு அங்குலச் சதுரமான வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைக் கொடுத்தார். அதில் அவள் தன்னைப் பற்றி ஏதாவது தைக்க வேண்டும்; தன் பெயரையும் தைக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அம்மாளின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். "வாருங்கள், போர்வை தைப்போம்" என்று கூப்பிட்டிருந்தால் பாதிப் பேர் மிரண்டு ஓடியிருப்பார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் தையற்காரிகளா? டாக்டர்கள், உபாத்தியாயினிகள், பாதிரிப் பெண்கள், வேலைக்காரர்களை ஏவியே பழகிய துரைசானிகள் என்று பலரும் இருந்தார்கள். ஆறு அங்குலம் என்றால் யாருக்கும் பயமில்லை. ஆறு அங்குலத்தை யாரும் நிரப்பிவிடலாம். ஊசி பிடிக்கத் தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

இப்படிச் சேர்ந்த துண்டுகளை, போர்வைக்கு 66 வீதம் இணைத்து, மூன்று போர்வைகள் உருவாயின. சில துண்டுகளில் கைதேர்ந்த பூவேலை. சில துண்டுகளில் தையல் தள்ளாடுகிறது. ஆனால் தள்ளாடும் தையலை யாரும் ஒதுக்கவில்லை. பூக்கள், விட்டு வந்த வீடு, தாய்நாட்டின் தேசப்படம், வெற்றிக்கு அடையாளமான ஆங்கில எழுத்து, சிறைச்சுவர், தான் அடைபட்டிருந்த அறை—இப்படி அவரவர் மனத்திலிருந்தது துணியில் இறங்கியது. பதினேழு வயது ஷீலா ஆலன் என்ற பெண் ஆஸ்திரேலியாவின் படத்தைத் தைத்தாள். அவள் தகப்பனார் ஆஸ்திரேலியர்; அவரும் அந்தக் கைதி முகாமிலேயே காலமானார். அவள் ரகசியமாக எழுதி வந்த நாட்குறிப்பு பின்னாளில் புத்தகமாக வந்தது.

போர்வைகளை ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஜப்பானியரின் அனுமதி வேண்டுமே! அதற்கும் ஒரு வழி செய்தார்கள். ஒரு போர்வை காயமடைந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, மூன்றாவது காயமடைந்த ஜப்பானிய வீரர்களுக்கு என்று பின்புறத்தில் எழுத்துக்களைத் தைத்தார்கள். வருஷம் 2602 என்று பொறித்தார்கள். அது ஜப்பானியக் கணக்கில் 1942. ஆஸ்திரேலியப் போர்வையின் பின்புறத்தில், யுத்தம் முடிந்ததும் இதை அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்க வேண்டும் என்ற வேண்டுகோளும், இதைத் தண்ணீரில் துவைக்காமல் உலர்சலவைக்குப் போடுவது நல்லது என்ற குறிப்பும் இருக்கின்றன. நாளைக்குச் சோறு உண்டா என்று தெரியாதவர்கள் சலவையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள்! யுத்தம் முடியும், சலவைக்காரர் வருவார், வாழ்க்கை மறுபடியும் நடக்கும் என்று அவர்கள் நம்பியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மூன்றாவது போர்வை வெறும் தந்திரமா, இரக்கமா என்று ஒரு கேள்வி எழுகிறது. தந்திரம் என்றுதான் சரித்திரக்காரர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு மனித மனத்தை அவ்வளவு சுலபமாகப் பங்கு போட முடிவதில்லை. பகைவனுக்கென்றே தெரிந்து ஒரு பூவைத் தைக்கிறவள், மணிக்கணக்காக ஊசியை ஏற்றி இறக்கும்போது, அந்தப் பக்கத்திலும் எங்கோ ஒரு தாய் காத்திருக்கிறாள் என்று ஒரு கணமாவது நினைத்திருக்க மாட்டாளா? அப்படி ஒருத்தியாவது நினைத்திருப்பாள் என்று நம்பவே எனக்கு விருப்பம்.

போர்வைகள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றை விரித்த காட்சியை நான் மனத்தில் பலமுறை வரைந்து பார்த்ததுண்டு. அவை போர்த்திக்கொள்வதற்கா வந்தன? ஒவ்வொரு சதுரமாக விரலை ஓட்டிப் பெயர் தேடுவதற்கு வந்தன. தேடிய பெயர் அகப்பட்டால், அவள் உயிரோடிருக்கிறாள், சாங்கியில் இருக்கிறாள், ஊசி பிடிக்கும் தெம்போடு இருக்கிறாள் என்று மூன்று செய்திகள். அகப்படாதவனுடைய நிலையை எழுத எனக்குப் பேனா ஓடவில்லை.

அதற்குப் பின் சிறையில் கஷ்டங்கள் அதிகரித்தன. 1943 அக்டோபர் 10-ந் தேதி ஜப்பானிய ராணுவப் போலீஸ் சிறைக்குள் புகுந்து சோதனை போட்டது. 57 பேரை விசாரணைக்குப் பிடித்தார்கள். அவர்களில் 15 பேர் மாண்டு போனார்கள். பிடிபட்டவர்களில் பெண்களும் உண்டு. செய்தி அனுப்புவது அங்கே எத்தனை அபாயமான காரியம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். 1944 மே மாதத்தில் எல்லாரையும் சைம் ரோடு முகாமுக்கு மாற்றினார்கள். 1945-இல்தான் விடுதலை. எலிசபெத்தும் அவள் கணவரும் பிழைத்து ஒன்று சேர்ந்தார்கள். சிறுமிகள் கொடுத்த பூந்தோட்டத்தை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். இன்று அது லண்டனில் உள்ள இம்பீரியல் யுத்தப் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. பிரிட்டிஷ் போர்வை அதே நகரத்தில் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. ஆஸ்திரேலியப் போர்வையும், ஜப்பானியருக்கென்று தைத்ததும், கான்பெரா யுத்த நினைவகத்தில் இருக்கின்றன. முல்வனி அம்மாள், பட்டினிப் பெண்கள் சிறையில் கூடி உட்கார்ந்து, வாயூறச் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்ட சமையல் குறிப்புகளை 1946-இல் புத்தகமாக அச்சிட்டு விற்றார். அந்தப் பணத்தை முன்னாள் கைதிகளின் சௌகரியத்துக்குச் செலவிட்டார்.

தமிழனாகிய எனக்கு இந்தப் போர்வைகளைப் பற்றிப் படிக்கும்போது வேறொரு நினைவும் வராமல் இல்லை. அதே யுத்தத்தில், அதே ஜப்பானியர், மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை ஆயிரம் ஆயிரமாகச் சயாம் ரயில் பாதை போட இழுத்துச் சென்றார்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் காட்டிலேயே மடிந்தார்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக்கார வீரர்களின் சமாதிகள் பெயர் பொறித்து வரிசை வரிசையாக நிற்கின்றன. தமிழர்களுக்கு அங்கே ஒரு நடுகல் எழும்புவதற்கு 2023-ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது. அதிலும் அவரவர் பெயரைப் பொறிக்க முடியாது. பெயர்களை யாரும் குறித்து வைக்கவில்லை. அவர்களுக்காகத் தோட்ட லயங்களில் காத்திருந்த பெண்களிடம் ஆறு அங்குலத் துணியை நீட்டி, "உன் பெயரை இதில் போடு" என்று சொல்ல எந்த அம்மாளும் இருக்கவில்லை.

ஆகவே, வாசகர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். உங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை, அல்லது ஆண் குழந்தைதான் ஆகட்டும், முதல் முதலாக ஊசியை எடுத்து ஏதாவது தைத்துக்கொண்டு வந்து காட்டினால், தையல் கோணல் என்று சிரிக்காதீர்கள். வாங்கிப் பாருங்கள், நாலு பேருக்குக் காட்டுங்கள். ஓரத்தில் பெயரையும் வருஷத்தையும் தைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.